பெரியவர்கள் எங்கே குடியிருப்பது?

 

மனிதனைப் பலவீனத்திலிருந்து படைத்து, அதன் பின் பலத்தைத் தந்து, பலத்துக்குப் பின் மறுபடியும் பலவீனத்தையும் நரையையும் உண்டாக்குகிறவன் தானே என்பதை அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் (30:54) எடுத்துக் காட்டுகின்றான். முதற் பலவீனத்துக்குத் தாயின் மடி இருந்தது. இரண்டாவது பலவீனம் முற்றிவிட்டால் தாங்க வேண்டியது பிள்ளைகளின் கை. இவ்விரண்டிலும் நமக்கு ஐயமில்லை. ஆனால் நரை வந்துவிட்டது, பலவீனம் இன்னும் முற்றவில்லை என்று ஒரு காலம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

அறுபதைக் கடந்த ஒரு பெரியவர். தம் உளூவைத் தாமே செய்துகொள்கிறார். சுபுஹுக்குத் தடியில்லாமல் பள்ளிக்கு நடக்கிறார். அவருடைய துணைவியார் இன்னும் தம் கையாலேயே ஆணம் காய்ச்சுகிறார். ஆயினும் மாடிப்படி ஏறினால் முழங்கால் கெஞ்சுகிறது. பிள்ளைகள் ஓடியாடிய பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்க முடியவில்லை. இரவில் ஒருவர் தவறி விழுந்தால் மற்றவரால் தூக்கிவிட இயலாது. இத்தகையோர் எங்கே குடியிருப்பது?

திருச்சிராப்பள்ளியில் இது வீட்டுக்கு வீடு எழுந்திருக்கும் கேள்வி. இங்குள்ள விமான நிலையத்திலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேராகவே பறக்கலாம். பாலக்கரையிலும் பீமநகரிலும் வரகனேரியிலும் தென்னூரிலும் அந்த விமானங்களில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் திரும்பிய பெற்றோர் எத்தனை பேர்! பொன்மலை ரயில்வே காலனியிலும், திருவெறும்பூர் பாய்லர் ஆலையின் குவார்ட்டர்ஸிலும் காலமெல்லாம் வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்து வெளியேற வேண்டியவர்கள் வேறு. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலேயே நம் மாநிலத்தில் 100க்கு 10.4 பேர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். நாடு முழுவதற்கும் அது 8.6 தான். அதன் பின் எண்ணிக்கை ஏறியிருக்குமேயன்றி இறங்கியிருக்காது.

இக்கேள்வி எழுந்தவுடன் இரண்டு அச்சங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. அத்தாவையும் அம்மாவையும் தனியே குடிவைத்தால் அல்லாஹ்விடம் குற்றவாளியாகிவிடுவோமோ என்று மகன் அஞ்சுகிறான். பெற்ற பிள்ளைகள் இருந்தும் தனியே கிடக்கிறார் என்று ஜமாஅத்தார் பேசுவார்களே என்று தகப்பனார் அஞ்சுகிறார். முதல் அச்சம் மார்க்கத்தைப் பற்றியது. அதற்கு மார்க்கத்திலேயே விடை தேடுவோம். இரண்டாவது ஊர் வாயைப் பற்றியது. முதலாவது தீர்ந்தால் இது தானே அடங்கும்.

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உன்னிடத்தில் முதுமையை அடைந்துவிட்டால் அவர்களைச் 'சீ' என்றும் சொல்லாதே, விரட்டாதே, கண்ணியமாகப் பேசு, இரக்கத்தோடு பணிவென்னும் இறக்கையைத் தாழ்த்து என்ற கருத்துப்பட அல்லாஹ் கட்டளையிடுகின்றான் (17:23, 24). தாமாக இயங்க முடியாத நிலையில், வேறு நாதியற்றுப் பிள்ளையின் பொறுப்பில் வந்துவிட்ட பெற்றோர் விஷயத்தில் இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. அவர்களை வைத்துப் பார்ப்பது கடமை. அதைத் தட்டிக் கழிக்க எவருக்கும் வழி கிடையாது. வெளிநாட்டு வேலை என்பதும் சாக்கு ஆகாது.

ஆனால், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளக் கூடிய பெற்றோர் தனி வீட்டில் இருப்பதே பாவம் என்று யார் சொன்னது? அபூஹுரைரா (ரலி) அவர்கள் தம் தாயாரிடம் எவ்வளவு பணிவுள்ளவர்கள் என்பது நாம் அறிந்ததே. அவர்கள் ஒரு வீட்டிலும் தாயார் மற்றொரு வீட்டிலுமாக வசித்திருக்கிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம்முடைய அல் அதபுல் முஃப்ரத் என்னும் நூலில் இதைப் பதிவு செய்திருக்கின்றார்கள். வெளியே புறப்படும்போதெல்லாம் அபூஹுரைரா (ரலி) தாயாரின் வாசலில் நின்று சலாம் சொல்வார்கள். சிறுவயதில் என்னை வளர்த்ததற்காக அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் என்று துஆச் செய்வார்கள். முதுமையில் எனக்கு நீ செய்யும் உபகாரத்துக்காக உனக்கும் அவன் ரஹ்மத் செய்யட்டும் என்று அந்த அம்மையார் உள்ளிருந்து பதில் சொல்வார்கள். திரும்பி வரும்போதும் அதே வாசல், அதே சலாம். இரண்டு வீடுகள்தான், ஆனால் ஒரு நாளைக்கு இருமுறை அந்த வாசலில் நின்றுவிட்டுத்தான் மகன் போவதும் வருவதும். ஒரே வீட்டுக்குள் வசித்துக்கொண்டு மூன்று நாள் முகம் பாராமல் இருக்கும் மக்கள் நம்மிடையே இல்லையா?

மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் பார்வையிழந்த தம் முதிய தந்தையார் அபூ குஹாஃபாவை நாயகத்தின் சமூகத்துக்கு அழைத்து வந்தார்கள். அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? இந்தப் பெரியவரை அவருடைய வீட்டிலேயே இருக்க விட்டிருந்தால் நானே அங்கு வந்திருப்பேனே என்று கேட்டார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இது வருகிறது. வெற்றி வீரராக ஊருக்குள் நுழைந்த நாளிலும், முதியவரை அலைக்கழிக்கலாகாது, நாம்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எண்ணிய உள்ளத்தைப் பாருங்கள்!

இன்னொரு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்ற அன்சாரித் தோழர் தம் கூட்டத்தாருக்கு இமாமாக நின்று தொழுவித்து வந்தவர். அவருக்குப் பார்வை மங்கிற்று. மழை பெய்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவிலுள்ள ஓடையில் வெள்ளம் வந்துவிடும், கடக்க முடியாது. அவர் நாயகத்திடம் வந்து, தாங்கள் என் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அந்த இடத்தையே தொழுமிடமாக்கிக் கொள்வேன் என்று வேண்டினார். மறுநாள் பொழுது ஏறியதும் நாயகம் (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் அவருடைய வீட்டுக்கு வந்தார்கள். அனுமதி கேட்டு உள்ளே வந்தவர்கள் உட்காரவும் இல்லை. உம் வீட்டில் எந்த இடத்தில் நான் தொழுவதை விரும்புகிறீர் என்று அவரிடமே கேட்டார்கள். அவர் ஒரு மூலையைச் சுட்டிக் காட்டினார். அங்கே இரண்டு ரக்அத் தொழுதார்கள். சேதி பரவி அந்தப் பகுதி மக்களும் வந்து கூடிவிட்டார்கள். விருந்தும் நடந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது.

பார்வை குறைந்தவரை வீட்டை விட்டுப் பெயர்த்தெடுக்கவில்லை. அவருக்காக வீடுதான் மாற்றப்பட்டது. எந்த இடம் என்று தீர்மானித்தவரும் அவரே. உலகத்துக்கெல்லாம் வழிகாட்ட வந்த நபி, ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வீட்டுக்காரப் பெரியவரிடம் விட்டார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? அண்ணன் தம்பிகள் தொலைபேசியில் பேசி, மருமக்கள் கலந்து, எல்லாம் முடிவான பிறகு, அடுத்த வாரம் உங்களை அழைத்துப் போகிறோம் என்று பெரியவரிடம் அறிவிக்கிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டால் பதில் சொல்லும் தெளிவு அவருக்கு இன்று இருக்கிறது. நாளை இருக்குமோ, அல்லாஹ்வே அறிவான். இப்போதே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் நாம் வலியுறுத்த வந்த விஷயம்.

கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில், இந்த வீட்டிலேயே இருந்துவிடுகிறோம் என்பதே. அது பிடிவாதமன்று. ஒருவருக்குத் தம் வீட்டில் இருட்டிலும் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று தெரியும். பால்காரனைத் தெரியும், மோதினாரைத் தெரியும், நத்ஹர் வலி தர்காவுக்கு எந்தச் சந்தில் போனால் வெயில் படாது என்று தெரியும். அப்படியானால் வீட்டைத் திருத்துங்கள். மாடியில் படுப்பவர்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். கொல்லையில் இருக்கும் கழிப்பறையைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து எழும் வகைக் கழிப்பறை, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, வழுக்காத தரை, வாசற்படிக்குப் பதில் ஒரு சரிவு, உட்கார்ந்தபடியே உளூச் செய்யும் உயரத்தில் ஒரு குழாய், இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு. ஒரு கல்யாணத்துக்குப் பந்தல்காரனுக்குக் கொடுப்பதை விடவா இதற்குச் செலவாகிவிடும்? ஒரு மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு ஆகிவிட்டதாக நாயகம் (ஸல்) அருளியிருக்கிறார்கள். அந்த அண்டை வீட்டாரை நம்பிச் சாவி கொடுக்கும் பழக்கம் நம் மஹல்லாக்களில் முன்பு இருந்ததுதானே!

பழைய வீடு பள்ளியிலிருந்து தூரமாயிற்றே, பள்ளிக்கு அருகில் மாறிவிடலாமா என்று கேட்போரும் உண்டு. மாறுவதில் தவறில்லை. ஆனால் பனூ ஸலமா கூட்டத்தார் மதீனாப் பள்ளிக்கு அருகில் குடிபெயர நாடியபோது, உங்கள் வீடுகளிலேயே இருங்கள், நீங்கள் நடந்துவரும் காலடிகள் எழுதப்படுகின்றன என்று பெருமானார் (ஸல்) தடுத்தார்கள் என முஸ்லிமில் உள்ளது. ஆகையால் தூரத்து வீட்டை விட மனமில்லாத பெரியவரை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

இனி, மகன் வீட்டோடு சேர்ந்து, ஆனால் தனி அடுப்போடு இருப்பது. மேல் மாடியில் மகன், கீழே பெற்றோர் என்ற ஏற்பாடு திருச்சியில் பரவலாக இருக்கிறது. நம் கருத்தில் இது மிக நல்லது. மனைவிக்குக் கணவன் தனி இருப்பிடம் தர வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளுக்கு நற்குணமும் நன்மையுமாகும். அவள் மீது கட்டாயக் கடமை அன்று. கடமை, பெற்ற பிள்ளைகளுடையது. அதுவும் மகனுக்கு மட்டுமன்று. ஏழைப் பெற்றோரின் செலவு வசதியுள்ள ஆண் மக்கள் மீதும் பெண் மக்கள் மீதும் சமமாகவே சாரும் என்று ஹனபி மத்ஹபின் ஹிதாயா முதலிய நூல்களில் காணலாம். இது தெரியாமல் மருமகளின் தலையில் அத்தனையையும் சுமத்திவிட்டு, மகன் ரியாலும் திர்ஹமும் அனுப்பிக் கொண்டிருந்தால் இரு பக்கமும் மனம் கசந்து போகும். தனி அடுப்பு இந்தக் கசப்பைப் பெருமளவு குறைக்கும். சேர்ந்து உண்டாலும் தனித்து உண்டாலும் குற்றமில்லை என்று, தந்தையர் வீடு, தாயர் வீடு, சகோதரர் வீடு எனப் பல வீடுகளைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டும் நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். உறவினர் எல்லாரும் ஒரே கூரைக்குள் அடைந்திருக்க வேண்டும் என்று அந்த வசனம் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோருக்கு முறை வைப்பது! பெரியவன் வீட்டில் இரண்டு மாதம், சின்னவன் வீட்டில் இரண்டு மாதம் என்று பெட்டியும் கையுமாக அலைய விடுவது. அதிலும் கொடுமை, அத்தா மூத்த மகனிடம், அம்மா மகளிடம் என்று இருவரையும் பிரித்துவிடுவது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா தேவைப்படுகிறார். அத்தாவுக்கு அங்கே இடமில்லை. நாற்பது ஆண்டு ஒரே பாயில் படுத்தவர்கள் மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசித் திரையில் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். அமைதி பெறுவதற்காகவே ஜோடியாகப் படைத்தோம் என்று அல்லாஹ் சொல்லிக் காட்டுவது (30:21) கல்யாணப் பத்திரிகையில் அச்சிடுவதற்கு மட்டும்தானா? அவ்வசனத்தின் சட்டம் அறுபது வயதோடு முடிந்துவிடுகிறதா? இவ்வாறு பிரித்து வைப்பதை விட, இருவரும் சேர்ந்து ஒரு சிறு வாடகை வீட்டில் இருப்பது ஆயிரம் மடங்கு மேல்.

காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தைப் பார்ப்போம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அத்தீவு 1994 முதல் திருச்சி மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. அங்கே ஏழு மதில்களில் வெளிச் சுற்றுகளுக்குள் வீதிகளும் வீடுகளும் கடைகளும் அமைந்திருப்பதை நாம் அறிவோம். சென்னையிலும் பம்பாயிலும் டில்லியிலும் உத்தியோகம் பார்த்த இந்துப் பெரியவர்கள் பலர், பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறிய பின், கடைசிக் காலத்தைத் தங்கள் கோவிலுக்கு அருகில் கழிக்க விரும்பி அங்கே வந்து சிறு ஃபிளாட்டுகளில் வாழ்கின்றனர். கோவில், ஆறு, காய்கறிக் கடை, மருந்துக் கடை, டாக்டர் எல்லாம் நடக்கும் தூரத்தில். சமைக்க முடியாத நாளில் மெஸ்ஸிலிருந்து சாப்பாட்டுக் கேரியர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. 1ஆம் நம்பர் பஸ் ஏறினால் திருச்சி. முதியவர்களுக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகளும் அப்பகுதிகளில் வந்திருக்கின்றன. யாரும் அவர்களை அநாதைகள் என்று சொல்வதில்லை. தங்கள் வணக்கத்துக்கு வசதியான இடத்தைத் தேர்ந்து வந்தவர்கள் என்றே சொல்கிறார்கள். மதம் வேறானாலும், வயோதிகத்தை வணக்கத்தலத்தின் நிழலில் கழிக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டில் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. நம் பள்ளிகளைச் சுற்றியும் சந்துகள் இருக்கின்றன, வீடுகள் இருக்கின்றன. பாங்குச் சத்தம் கேட்கும் தூரத்தில் கீழ்த்தளச் சிறு வீடுதான் கிடைப்பதில்லை.

நம்மவர் சிலரும் முதியோர் குடியிருப்புகளில் வீடு வாங்க விசாரிக்கிறார்கள். இவற்றையும், ஆதரவற்றோரைச் சேர்க்கும் முதியோர் இல்லத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது. இங்கே தனி வீடு, தனிக் கதவு, தனிச் சாவி. பொதுச் சமையற்கூடமும் காவலும் நர்சு வசதியும் சேர்ந்திருக்கும். மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை. ஆனால் கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். பல இடங்களில் சைவ உணவு மட்டுமே என்ற நிபந்தனை இருக்கும். சைவ உணவு நமக்கு ஹலால்தான். ஆயினும் சொந்த அடுப்பில் நாம் விரும்பியதைச் சமைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது பின்னால் வரும் மனஸ்தாபத்தைத் தவிர்க்கும். ரமளானில் சஹர் நேரத்துக்குச் சமையற்கூடம் திறக்குமா? ஜும்ஆவுக்குப் போய்வர வண்டி கிடைக்குமா? சொல்லத் தயக்கமாயிருந்தாலும் சொல்கிறோம், சந்தூக்கு அந்த லிஃப்ட்டில் நுழையுமா, மையித்தைக் குளிப்பாட்ட இடம் தருவார்களா என்பதையும் கேளுங்கள். கணவர் மௌத்தானால் மனைவி தொடர்ந்து இருக்கலாமா? படுக்கையில் விழுந்தால் காலி செய்யச் சொல்வார்களா? வாரிசுகளுக்கு வீடு சேரும், ஆனால் குறித்த வயது ஆகாதவர் அங்கே குடியிருக்க முடியாது என்ற நிபந்தனை உண்டா? மாதாந்திர மெயின்டனன்ஸ் தொகையை ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்துவார்கள்? பத்திரத்தில் இவற்றுக்கெல்லாம் பதில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது (2:282).

பணம் கொடுக்கும் முறையையும் பார்க்க வேண்டும். கிரயம் வாங்கினால் அது சொத்து. ஃபராயிள்படி வாரிசுகளைச் சேரும். மாத வாடகை ஆகுமானது. ஆனால் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகையே இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது? இதற்கு ஒத்தி அல்லது போக்கியம் என்று பெயர். ஓய்வுக்காலப் பணம் கையில் வந்ததும் நம் பெரியவர்களில் பலர் முதலில் நாடுவது இதைத்தான். கொடுத்த தொகை கடன், அந்தக் கடனுக்காக வீட்டில் சும்மா வசிப்பது கடனால் வந்த ஆதாயம், ஆகவே இது வட்டியின் வாசல் என்று உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். நியாயமான வாடகையைப் பேசி மாதந்தோறும் கொடுத்து, முன்பணத்தைப் பாதுகாப்புக்காக மட்டும் வைப்பதே பேணுதலுக்குரிய வழி. குடியிருப்புகளில் கேட்கும் பெரிய டிபாசிட்டும் இதே வகைதானா என்று ஆலிமிடம் பத்திரத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். 2007 முதல் வங்கிகள் வழங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்பது, சொந்த வீட்டை அடமானம் வைத்து மாதந்தோறும் பணம் பெற்று, இறந்த பின் வீட்டை விற்று வட்டியோடு கழித்துக்கொள்ளும் கடன். அது நமக்கில்லை.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறொன்று. அன்பின் மிகுதியால் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. ஹனபி மத்ஹபில், பெற்ற பிள்ளைக்கு ஹிபாச் செய்து கையில் ஒப்படைத்துவிட்டால் பிறகு திரும்பப் பெற இயலாது. ஷாபிஈ மத்ஹபில் தந்தை தன் பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற இடமுண்டு. திருச்சி ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனபிகள் என்பதை நினைவில் வையுங்கள். மேலும், ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்ததற்குச் சாட்சியாக இருக்கும்படி நுஃமான் (ரலி) அவர்களின் தந்தையார் வேண்டியபோது, அல்லாஹ்வை அஞ்சி உங்கள் பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடங்கள் என்று நாயகம் (ஸல்) மறுத்துவிட்டதும் நாம் அறிந்ததே. நாட்டுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அது நிறைவேறாவிட்டால், அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் ரத்துச் செய்ய வகை செய்கிறது. அந்த நிபந்தனை இருந்தது காட்டப்பட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025இல் வந்த மற்றொரு தீர்ப்பு பெற்றோருக்குச் சாதகமாக அப்பிரிவைத் தாராளமாகப் பொருள் கொண்டது. நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதற்காக மனுச் செய்யலாம். ஆனால் ஷரீஅத்தும் சட்டமும் அறிந்தவர்கள் எத்தனை பேர் எழுபது வயதில் மகன் மீது மனு எழுதத் துணிவார்கள்? உயிரோடு இருக்கும்வரை வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

இந்த இடத்தில் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. வீடு கணவர் பெயரில் இருந்து அவர் மௌத்தாகிவிட்டால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவியின் பங்கு எட்டில் ஒன்றுதான் (4:12). மீதி ஏழு பங்கும் மற்ற வாரிசுகளுக்கு. அவர்கள் விற்றுப் பிரிக்க நாடினால், அந்த வீட்டுக்குப் புதுப்பெண்ணாக வந்த அம்மா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வாரிசுக்கு வஸிய்யத் எழுதி வைத்தாலும் மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. ஆகவே கணவர் உயிரோடு, சுகத்தோடு இருக்கும்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். எத்தனையோ வீடுகளில் மஹர் இன்னும் பாக்கி நிற்கிறது. அது கடன்! அந்த மஹருக்கு ஈடாக வீட்டின் கீழ்த்தளத்தை மனைவியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் கடனும் தீரும், அவருக்கு இருக்க இடமும் உறுதியாகும். ஹிபாவாகக் கொடுப்பதானால், பிரிக்கப்படாத பங்கைக் கொடுப்பதில் ஹனபி ஃபிக்ஹில் நுட்பங்கள் உண்டு. இன்ன அறை, இன்ன தளம் என்று பிரித்து, ஒப்படைத்து, ஆலிமையும் வக்கீலையும் ஒருங்கே கலந்து செய்யுங்கள்.

வசதியற்றவர்களுக்கு என்ன வழி? இது மஹல்லாவின் பொறுப்பு. ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் வீடுகளை வக்பு செய்தபோது, கணவனைப் பிரிந்து திரும்பி வரும் தம் பெண்மக்கள் அங்கே குடியிருக்கலாம் என்று விதித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். மிஸ்ரு நாட்டில் ஹிஜ்ரி 684இல், அதாவது 1285இல், சுல்தான் பைபர்ஸின் மகளார் கெய்ரோவில் ஆதரவற்ற பெண்கள் தங்கி வாழ்வதற்காக ஒரு ரிபாத் கட்டினார். நம் திருச்சியில் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் கல்வியின் அருமை உணர்ந்து முன்வந்ததால் 1951இல் ஒரு கல்லூரி எழுந்தது. அன்று ஊரில் பிள்ளைகள் மிகுதி. இன்று பெரியவர்கள் மிகுதி.

பள்ளிவாசல்களின் வக்புச் சொத்தாக வாடகை வீடுகள் பல இருக்கின்றன. கீழ்த்தள வீடு காலியாகும்போது வயோதிகத் தம்பதிகளுக்கு முன்னுரிமை தரலாம் அல்லவா என்று முத்தவல்லிமார்களைக் கேட்டுக்கொள்கிறோம். வாடகையைக் குறைக்கச் சொல்லவில்லை. வக்புச் சொத்தை நியாய வாடகைக்குக் குறைவாக விடக் கூடாது என்பதும், வக்பு செய்தவரின் நோக்கத்தை மாற்றக் கூடாது என்பதும் சட்டம். குறைந்த வாடகைக்கோ இலவசமாகவோ கொடுக்க வேண்டுமானால் அந்த நிய்யத்துடனேயே புதிதாக ஒருவர் வக்பு செய்ய வேண்டும். பள்ளிக்குப் பின்னால் ஒரு மனை, அதில் படியில்லாத நான்கு சிறு வீடுகள், நடுவில் ஒரு முற்றம் போதும். வக்புப் பத்திரம் எழுதும்போது, ஸுபைர் (ரலி) அவர்கள் தம் பெண்மக்களுக்காக எழுதிய விதியையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே குடியிருப்பவர் பிறருக்குத் தீங்கு செய்யாமலும், பிறரால் தீங்குக்கு ஆளாகாமலும் இருக்க வேண்டும் என்பது அவ்விதி.